திருடன் வேசம் எங்க பிள்ளைகளுக்கு வேண்டாம்

கூர்நோக்கு இல்லங்களில் ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் போடுகிற நாடகங்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான். கெட்ட சகவாசம். பீடி, பிறகு கஞ்சா. திருடுகிறான். போலீசில் மாட்டுகிறான். ஆத்தா மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து தோளில் கைபோட்டு அறிவுரை சொல்கிறார். பையன் திருந்துகிறான். எல்லாரும் கொடியைப் பார்த்து சல்யூட் அடிக்கிறார்கள். வந்திருக்கிற அதிகாரிகள் கைதட்டுகிறார்கள். ‘சட்ட விழிப்புணர்வு’ முடிந்தது.

வீதி நாடகக்காரனாகத் தென்மாவட்டங்களில் சுத்துகிற இடங்களில் இந்த மாதிரி நாடகங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எந்த இல்லம், எந்தத் தொண்டு நிறுவனம் என்று இங்கே பேர் சொல்லப் போவதில்லை. பிரச்சினை ஒரு ஆளிடமோ ஒரு கட்டடத்திலோ இல்லை, பார்வையில் இருக்கிறது. ஒரு இடத்தில் நாடகத்தை நடத்தியவரிடம் கேட்டேன்: “இன்ஸ்பெக்டர் வேசத்தையும் ஒரு பையனுக்கே கொடுத்திருக்கலாமே?” அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அதுக்கு நம்ம ஆபீஸ்லயே ஒருத்தர் இருக்காருங்க. இவிங்களுக்கு அதெல்லாம் சரியா வராது.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்.

*

நம்ம பிள்ளைகளுக்கு நடிக்க வராதுன்னு யார் சொன்னது? மதுரையைச் சுத்தி இருக்கிற கிராமங்களில் சேரியில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகும்போதே நடிக்கவும் பழகி வந்திருக்கிறது. ஊர்த் தெருவுக்குள்ள போறப்ப செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கணும். சைக்கிள விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும். தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்கு வரணும். பத்து வயசுப் பொடியன் ‘ஏலேய்’னு கூப்பிட்டாலும் அறுவது வயசுத் தாத்தா ‘சொல்லுங்க சாமி’ன்னு குழையணும். பல ஊர்களில் போராடி இதையெல்லாம் ஒழித்திருக்கிறோம். ஒழியாத ஊரும் இருக்கு. தலைமுறை தலைமுறையாக ஒத்திகை பார்த்து ஏற்றப்பட்ட வேசங்கள் இவை.

அதே நடிப்பைத்தான் பையன் போலீஸ் ஸ்டேசனிலும் நடிக்கிறான், இல்லத்திலும் நடிக்கிறான். ‘திருந்திட்டேன் சார்’ என்பது ‘சொல்லுங்க சாமி’யின் புது வசனம், அவ்வளவுதான். தான் பார்த்தது வாழ்க்கை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் பழைய நாடகம் என்பதே கைதட்டுகிற அதிகாரிக்கு விளங்கவில்லை.

நாடகம் என்றால் வேசம் மாறுவது. சாதி என்றால் வேசம் மாறக்கூடாது என்கிற கட்டளை. நாடகத்தின் வழியாகக் குடியுரிமையைச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறோம் என்று முடிவு பண்ண வேண்டும். திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கிறவனுக்கே மறுபடியும் திருடன் வேசம் கட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் வேசத்தை ஆபீசில் இருந்து கொண்டுவருகிறவர்கள் சாதியின் பக்கம்தான் நிற்கிறார்கள். அவர்கள் மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்படித்தான்.

மதுரை நாடகத்துக்குப் பேர்போன ஊர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ என்று சிறுவர்களை வைத்தே கம்பெனி தொடங்கியது இங்கேதான். பாய்ஸ் கம்பெனிகளின் அடியும் கட்டுப்பாடும் தெரிந்த கதை. அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ராஜா, மந்திரி, முனிவர் என்று எல்லா வேசத்தையும் அங்கே பொடியன்கள்தான் கட்டினார்கள். நாடகத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பது இந்த ஊருக்கு நூறு வருசமாகத் தெரியும்.

அந்த மேடையின் அரிச்சந்திரனையும் கொஞ்சம் விசாரிப்போம். ராஜா சுடுகாட்டில் அடிமையாக நின்று பிணம் எரிக்கிறான்; சனங்கள் அழுகிறார்கள். காந்தி சிறுவயசில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து உருகியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நல்லது. நிசமாகவே பரம்பரை பரம்பரையாக அந்தச் சுடுகாட்டில் நிற்கிறவனைப் பார்த்து அழுதது யாரு? ராஜா வெட்டியானானா சோகம், வெட்டியான் வெட்டியானாவே செத்தா அது தர்மம்!

‘எப்போதும் உண்மையே பேசு’ என்று இந்த அரிச்சந்திரனைத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று வெள்ளைக்காரன் போட்ட 1872 சாட்சியச் சட்டமே சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதையே சொல்கிறது. அரிச்சந்திரன் ‘பேசு’ என்கிறான். அம்பேத்கர் தலைமையில் எழுதிய சட்டம் ‘வாயைத் திறக்காம இருக்க உனக்கு உரிமை உண்டு’ என்கிறது. லத்திக்கு முன்னால் நிற்கிற பதினாறு வயசுப் பையனுக்கு இதில் எது வேணும்?

*

‘இளங்குற்றவாளிகளுக்குச் சட்டம் பற்றிய அறிவு இல்லை’ என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அந்தச் சொல்லே சட்டவிரோதம். 2015ஆம் வருச இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பிள்ளைகள் விசயத்தில் குற்றம்சாட்டுகிற, களங்கம் கற்பிக்கிற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பதினெட்டு வயசு ஆகாதவனைக் கெட்ட எண்ணம் இல்லாதவனாகவே கருதித் தொடங்க வேண்டும் என்கிறது. பேனரிலேயே ‘இளங்குற்றவாளி’ என்று எழுதிவிட்டுச் சட்டம் சொல்லிக் கொடுக்க வருகிறவருக்கு முதலில் யார் சொல்லிக் கொடுப்பது?

இவர்கள் சொல்லித் தருவது பாதிச் சட்டம். நீ எதைச் செய்யக் கூடாது என்கிற பாதி. உன்னை என்ன செய்யக் கூடாது என்கிற மறுபாதியை மறைத்து விடுகிறார்கள். அந்த மறுபாதி இதுதான்:

பிடித்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ ஜெயிலிலோ எந்தக் காரணம் சொல்லியும் வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. என்ன குற்றச்சாட்டு என்று அவனிடமே சொல்ல வேண்டும். குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர் உட்கார வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் விதி. மறுப்பதற்குச் சட்டம் சொல்கிற காரணம் இருக்க வேண்டும். வக்கீல் இலவசம். நாலு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். பேரையோ போட்டோவையோ பத்திரிகையில் போடக் கூடாது. வழக்கு முடிந்த பிறகு அந்தப் பதிவு அவன் வேலைக்கும் படிப்புக்கும் குறுக்கே வரக் கூடாது. பதினாறு வயசு தாண்டியவன் மேல் கொடுங்குற்ற வழக்கு வந்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று 2015இல் கதவைத் திறந்து விட்டார்கள். அதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவனைத்தானே அது விழுங்கப் போகிறது!

இதில் ஒரே ஒரு காட்சியையாவது நாடகமாக்கினால் ‘நல்ல இன்ஸ்பெக்டர்’ வேசம் நிற்குமா?

2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயசுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்துப்போனான். ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரியைத் திருடினான் என்பது அவன் மேல் சொன்ன புகார். இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு போட்டார்கள், 2023இல் அறிக்கையும் வந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைக்குள்ளே சாதி பார்த்து வேலை பிரிப்பதும் ஆளைப் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அடைத்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 74 வருசம் கழித்து இந்தத் தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது. சட்டம் தெரியாதவன் பேட்டரி எடுத்த பையன் மட்டும்தானா?

*

குடியுரிமை என்று பேசுகிறார்கள். மதுரை மாவட்டத்துப் பையனுக்குக் குடியுரிமையைப் பற்றி ஊர் என்ன பாடம் நடத்தியிருக்கிறது?

1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். பத்து வருசம், 2006 வரைக்கும், அந்த நாற்காலியில் ஒரு தலித் நிலைத்து உட்கார முடியவில்லை. தேர்தலை நடக்க விடல, நடந்தா செயிச்சவரை உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. மேலவளவில் செயித்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. ஊராட்சித் தலைவரை வெட்டினவனிடம் நன்னடத்தையைக் கண்டுபிடிக்கிற அரசுக்கு, செல்போன் பறித்த பையனிடம் மட்டும் ‘குற்ற மனப்பான்மை’ தெரிகிறது.

குற்ற மனப்பான்மை என்கிற இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் மதுரைக்காரன் மறக்க முடியாது. 1911இல் திருத்தி எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கியது. ஆறு வயசில் இருந்து பதினெட்டு வரைக்கும் உள்ள பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் போட அதிலேயே வழி வைத்திருந்தான் வெள்ளைக்காரன். பிரமலைக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூர் சனங்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த ரேகைச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்துச் செத்தவர்களுக்கு நாமும் மரியாதை செய்கிறோம். அந்தத் தியாகத்தைக் கொண்டாடுகிற அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. பிறப்பால் குற்றவாளி என்று ஒருத்தனைச் சொல்வது அநியாயம் என்றால், பிறப்பால் தீண்டத்தகாதவன் என்று சொல்வது மட்டும் எப்படி நியாயம்? இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் வைத்துக் கேட்கிற நாடகம் வேண்டும். கூர்நோக்கு இல்லத்தில் இரண்டு பக்கமும் ஒரே பாயில்தான் படுத்திருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன்கள் வீடு புகுந்து உடன் படித்த தலித் மாணவனை வெட்டியதற்குப் பிறகும் இந்த நாடகத்தைத் தள்ளிப் போட முடியாது.

*

இப்படி நாடகம் போட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: போட்டிருக்கிறார்கள்.

மேற்கு வங்கம் புருலியாவில் 1998 பிப்ரவரியில் புதன் சபர் என்கிற ஆதிவாசி போலீஸ் காவலில் செத்தார். அவர் பிறந்த கேரியா சபர் இனமும் ஒரு காலத்தில் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்ததுதான். மகாசுவேதா தேவி போன்றவர்கள் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அகமதாபாத் சாராநகரில், அதேபோலத் திருட்டுச் சாதி என்று முத்திரை குத்தப்பட்ட சாரா இளைஞர்கள், புதனை ஒருநாளும் பார்த்திராதவர்கள், அதே 1998இல் ‘புதன்’ என்று நாடகம் போட்டார்கள். ‘புதன் தியேட்டர்’ பிறந்தது. போலீஸ் வேசத்தையும் நீதிபதி வேசத்தையும் அவர்களே கட்டினார்கள். சனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் சட்டம் சொல்லிக் கொடுத்தது ‘திருட்டுப் பசங்க’தான்.

பிரேசிலில் அகஸ்டோ போவால் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்று ஒன்றைக் கட்டினார். அதில் பார்வையாளன் எந்திரிச்சு வந்து நடிகனின் இடத்தைப் பிடித்துக் கதையை மாற்றலாம். 1993 முதல் 1996 வரை அவர் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது, சனங்கள் நாடகத்தில் எடுத்த முடிவுகளைச் சட்ட முன்வடிவாக்கி மன்றத்தில் வைத்தார். 13 சட்டங்கள் அப்படி நிறைவேறின. சட்டத்தைச் சேரி சனங்கள் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, அவர்களே எழுதுவது இன்னொன்று.

நம்ம மதுரை மட்டும் இளைத்ததா? 1978இல் மு. ராமசாமி நிஜ நாடக இயக்கம் தொடங்கிய ஊர். அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்கள் நடத்திய ஊர். பரட்டை அண்ணன் பாட்டுக் கட்டிய ஊர். பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் இருந்து வந்த கே.ஏ. குணசேகரன் ‘பலி ஆடுகள்’ எழுதி தலித் அரங்குக்கு வழி போட்டார். சாவு வீட்டுத் தப்பை விடுதலைப் பறையாக்கிய நமக்கு, கூர்நோக்கு இல்லத்தின் கேட்டைத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

*

மேலூர்ப் பக்கம் ஒரு சேரியில் இளைஞர்களோடு இதைச் செய்து பார்த்தோம். காட்சி இதுதான். ராத்திரி பதினொரு மணி, தெப்பக்குளம் பக்கம் ரெண்டு பேர் ஒரே பைக்கில் வருகிறார்கள். ரோந்துப் போலீஸ் நிறுத்துகிறது. “எந்த ஊருடா?” சொல்கிறான். “ஊர்ல எந்தத் தெரு?” இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டோம். யார் வேண்டுமானாலும் வந்து பையன் இடத்தில் நிற்கலாம் என்றோம். ஒருத்தன் வந்து ஓடினான். பிடிபட்டான். ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டான். ஒருத்தன் வாயடித்தான். கடைசியாக ஒரு ஒல்லிப் பையன் வந்து, சட்ட வகுப்பில் கேட்டதை அப்படியே சொன்னான்: “என்னையக் குழந்தை நலக் காவல் அலுவலர்கிட்டதான் ஒப்படைக்கணும்.” கூட்டம் மொத்தமும் சிரித்தது. “செவுள்லயே ஒண்ணு விழும்டீ!”

அந்தச் சிரிப்பில்தான் பாடம் இருக்கிறது. பையனுக்குச் சட்டம் தெரியாதது மட்டும் பிரச்சினை இல்லை. தெரிந்த சட்டத்தைத் தனியாளாகச் சொன்னால் அறைதான் விழும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்படியானால் மேடையில் இன்னும் யார் நிற்க வேண்டும் என்று கேட்டோம். அம்மா வந்தாள். வக்கீல் வந்தார். தெருக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். போலீஸ் வேசம் கட்டியவன் தானாக ஒரு அடி பின்னால் போனான். குடியுரிமை என்பது தனி ஒருத்தனின் நல்ல பழக்கமில்லை, ஒருத்தனுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்கிற கணக்கு. இதை எந்தப் பாடப்புத்தகமும் அங்கே சொல்லவில்லை, காட்சி சொன்னது.

ரெண்டு பேர் ஆட்சேபம் சொல்வார்கள். முதலாமவர்: ‘அப்ப பறிகொடுத்தவளுக்கு என்ன நியாயம்?’ சரியான கேள்வி. மாட்டுத்தாவணியில் பூக்கட்டி விற்கிற பொம்பளையின் சுருக்குப்பையை அறுத்தவனை நான் தியாகி என்று சொல்ல வரவில்லை. நம்ம பிள்ளைகள் நம்ம பிள்ளைகளையே குத்தியிருக்கிறார்கள். யாரோ ஒரு பெரிய மனுசனின் கைக்கத்தியாகி உள்ளே போயிருக்கிறார்கள். அதனால்தான் வேசம் மாற வேண்டும் என்கிறேன். அந்தப் பூக்காரம்மாவின் இடத்தில் அவன் நிற்கட்டும். அழுது மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை, அவள் கேட்கிற கேள்விகளை அவன் வாயாலேயே கேட்பதற்காக. ஆனால் எந்தப் பையனையும் அவனுடைய சொந்த வழக்கை நடிக்க வைக்கக் கூடாது. விசாரணை நடக்கிறபோது மேடையில் சொல்கிற வார்த்தை அவன் கழுத்துக்கே கயிறாகும். நாடகம் வாக்குமூலம் இல்லை.

இரண்டாமவர் நம்ம தோழர்: ‘இந்த அரசின் சட்டத்தைக் கற்றுக்கொடுத்து என்ன புரட்சி வரும்?’ 1950 ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று, 1949 நவம்பர் 25 அன்றே அம்பேத்கர் எச்சரித்தார். சட்டம் போதும் என்று அவர் சொல்லவில்லை. சட்டத்தை எதிரியிடம் விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம்ம கைக்குக் கிடைத்த தடி. அதைப் பிடிக்கத் தெரியாதவன் கையில் அது வெறும் காகிதம். ‘நல்ல’ பையன் பாதிக்கப்பட்டால் ஆர்ப்பாட்டம், திருட்டு வழக்கில் மாட்டினவனுக்கு மௌனம் என்று இருக்கிற தோழர்களிடம் கேட்கிறேன்: அவன் எந்தத் தெருவில் பிறந்தான்? நீங்க கைவிட்ட இடத்துலதான் ரவுடி கட்சிக்காரன் கைகொடுக்குறான்.

*

ஆக, செய்ய வேண்டியது இதுதான். இல்லத்துக்குள் போகிற நாடகத்தில் ஒவ்வொரு பையனும் எல்லா வேசமும் கட்ட வேண்டும், நீதிபதி வேசம் உட்பட. 2016 மாதிரி விதிகளின்படி ஒவ்வொரு இல்லத்திலும் பிள்ளைகளே உறுப்பினர்களான குழந்தைகள் குழு இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பட்டியலில் இருந்து அடிவிழுந்தால் புகார் செய்வது வரைக்கும் அதற்கு வேலை உண்டு. அந்தக் குழுவைப் பேருக்கு நியமிக்காமல் தேர்தல் வைத்து அமைக்கச் சொல்லுங்கள். பாப்பாபட்டியில் பத்து வருசம் நடக்க விடாத தேர்தலை அங்கே அவன் நடத்திப் பார்க்கட்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடகக்காரர்களோடு சேர்ந்து போங்கள். போலீஸ் ஸ்டேசன் காட்சியில் பையன் தடுமாறும்போது சட்டப் பிரிவை எடுத்துக் கொடுங்கள். அதே நாடகத்தைச் சேரியிலும் ஊரிலும் போலீஸ் பயிற்சிப் பள்ளியிலும் போடக் கேளுங்கள். குழுமம் கூடுகிற நாளில் வாசலில் நம்ம வக்கீல் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

உள்ளே இருக்கிறவன் நம்ம பிள்ளை. அவன் சட்டத்தின் முன்னால் கைகட்டி நிற்கப் பழகியது போதும். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப் பழகட்டும். அவன் கேட்கும்போது பின்னால் நிற்க வேண்டியது நாம்.